சில்வெஸ்டர் வாத்தியார் வேலையை விட்ட கதை

மலாயாவில், புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில், ஒரே ஒரு அறை கொண்ட பள்ளிக்கூடத்துக்கு, ஜப்பான்காரன் போனதிலிருந்து ஆறு வருஷமாக ஒரே வாத்தியார் சில்வெஸ்டர். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆறு வகுப்பையும் ஒரே விதமாகத்தான் நடத்துவார். அவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். நாற்பத்தொரு பிள்ளைகளும் அதைத் திருப்பிக் கத்தும். வாய்ப்பாடு, செய்யுள், மலாக்கா சரித்திரம் எல்லாம் அப்படித்தான். நடுவில் கேள்வி கேட்கிற பிள்ளைக்குத் தண்டனை, பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும்.

வெள்ளைக்காரனை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் புகுந்து சண்டை போட, அவசரகாலம் வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். சாப்பாடு காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம், அதனால் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கம்பிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அதை எல்லாருக்கும் எடுத்துச் சொல்ல, ஐம்பத்தொன்றாம் வருஷம் ஒருநாள் தகவல் இலாகாவின் ஒலிபெருக்கி வேன் வந்து நின்றது. வந்த அதிகாரி ஆர்தருக்கு ஒரு சங்கடம். தமிழில் அறிவிக்கிறவருக்குச் முந்தின ஊரான சுங்கை சோவிலேயே தொண்டை கட்டிவிட்டது. ஆர்தருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அறிவிப்புத் தாளை வாத்தியாரிடம் நீட்டினார்.

சில்வெஸ்டர் ஒரு வரி வாசித்தார். பழக்கதோஷம், நிறுத்தினார். அவ்வளவுதான், பிள்ளைகள் அதைத் திருப்பிக் கத்தின. இரண்டாம் வரிக்கு, பள்ளியை விட்டுப் புல்வெட்டப் போய்விட்ட பெரிய பையன்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஆர்தர் அசந்துபோனார். "சார், இப்படி ஒரு ஒத்துழைப்ப நான் எந்தத் தோட்டத்துலயும் பாக்கல. எங்ககூட வந்துடுங்க லா."

ஒன்றரை மடங்கு சம்பளம், அரசாங்க உத்தியோகம், காக்கி உடுப்பு. ஆசை யாரை விட்டது? ஆனால் பக்கத்துத் தோட்டத்து வாத்தியார் போன மார்ச்சில்தான் வேலையை விட்டிருந்தார். அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது காவல்காரர்கள் கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். படித்த பிள்ளைகள் புல்வெட்டுகின்றன.

தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி சிவானந்தமும் அதையேதான் சொன்னார். "இந்தக் கம்பிக்குள்ள வேற எவன் வருவான்? நீங்க போனா பூட்ட வேண்டியதுதான்."

சில்வெஸ்டர் மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அது வெறும் நடிப்பல்ல. அந்தப் பிள்ளைகள் மேல் அவருக்கு நிஜமாகவே உயிர். தான் இல்லாவிட்டால் அதுகள் 'அ'னாவைக்கூட மறந்துவிடும் என்று திடமாக நம்பினார்.

அவர் மனைவி அகதா கிள்ளான் கான்வென்ட்டில் ஏழாவது வரை படித்தவர். நாலாவது வாரம் பொறுமை போய்விட்டது.

"மதில்மேல் பூனையாட்டம் எத்தன நாளைக்குங்க? நீங்க போங்க. பள்ளிக்கூடத்த நான் பாத்துக்கிறேன்."

"உனக்குச் சத்தம் பத்தாது, அகதா."

"சத்தம் எதுக்கு? பிள்ளைங்க என்ன செவிடா?"

இரண்டு பேருமாகப் போய்த் தோட்டத்துத் துரையிடம் கேட்டார்கள். பூட்டாமல் இருந்தால் சரி, யார் நின்றால் என்ன என்று அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

புறப்பட்ட அன்று சில்வெஸ்டர் அழுதார். "பள்ளிக்கூடம் ஒரு மாசம் தாங்காது சார்," என்று வேனில் ஆர்தரிடம் சொன்னார். அதன்பிறகு போன தோட்டத்திலெல்லாம் ஒரு வரி வாசிப்பார், நிறுத்துவார், காத்திருப்பார். யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். மைக்கில் கோளாறோ என்று ஆர்தர் இரண்டு தடவை கழற்றிப் பார்த்தார்.

நாலு மாதம் கழித்து, சுங்கை செம்பிலாங்கில் வேலையை முடித்துக்கொண்டு வேன் அவருடைய தோட்டத்துக்குள்ளேயே நுழைந்தது. மாலை ஐந்து மணி. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் முகம் தெரியட்டும் என்று ஆர்தர் உள்ளேயிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கிவரச் சொன்னார். சில்வெஸ்டர் அதன்மேல் ஏறினார். முன்னால் பிள்ளைகள், அவர்கள் பக்கத்தில் அகதா.

"காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கொடுக்காதீர்கள்!"

நிறுத்தினார்.

ஒரு சத்தமும் இல்லை. காதில் விழவில்லையோ என்று மறுபடியும் சொன்னார். பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் நாலாம் வகுப்பு வேலம்மா எழுந்து கையைத் தூக்கினாள். அவர் காலத்தில் வாய்ப்பாட்டைத் தவிர வேறொன்றும் பேசாத பிள்ளை.

"சார், துப்பாக்கிய நீட்டிக் கேட்டாங்கன்னா என்னா செய்யிறது?"

சில்வெஸ்டர் தாளைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் இல்லை. ஆர்தரைப் பார்த்தார். ஆர்தர் வேனின் டயரைப் பார்த்தார். கடைசியில் அகதாவைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி, வேலம்மா. உக்காரு," என்றார் அகதா, சத்தம் போடாமல். "சார் யோசிச்சுச் சொல்லுவாரு."

வேலம்மா உட்கார்ந்தாள். நாற்பத்தொரு பிள்ளைகளும் பதிலுக்குக் காத்திருந்தன. சில்வெஸ்டர் பெஞ்சு மேல் நின்றுகொண்டிருந்தார்.