உட்காரச் சொன்ன சட்டம்

அந்தத் துணிக்கடையின் மூன்றாம் தளத்தில் லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே தெரிவது திரைச்சீலைப் பிரிவு. கடை திறந்தது முதல் சாத்தும்வரை அங்கே நின்று விற்பனை செய்த பெண்மணிக்கு உடன் பணிபுரிவோர் வைத்த பெயர் தூணக்கா. எவ்வளவு சோர்ந்தாலும் அவர் சுவரில் சாய்ந்து ஒருவரும் பார்த்ததில்லை என்பது அதற்குக் காரணம். சாய்ந்தால் சம்பளத்தில் பிடித்தம் உண்டு என்பது அந்தக் காரணத்துக்குள் இருந்த காரணம்.

மகள் முதல் வகுப்பில் சேர்ந்த ஆண்டில் அவர் இந்தக் கடையில் சேர்ந்தார். மகள் இப்போது மருத்துவப் பரிசோதனைக்கூடப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறாள். இடைப்பட்ட காலம் முழுவதும் நின்றதன் விளைவாக அவருடைய இடது காலில் நரம்புகள் சுருண்டு புடைத்தன. பிறகு கணுக்காலுக்கு மேலே ஒரு புண் தோன்றி, ஆறுவதும் மறுபடி வாய்திறப்பதுமாக இருந்தது. காலுக்கு ஓய்வு கிடைக்காவிட்டால் மருத்துவமனையில் படுக்க நேரிடும் என்று அரசு மருத்துவர் எச்சரித்திருந்தார். படுத்தால் வேலை போகும். நீண்ட விடுப்பில் செல்பவரின் இடம் வேறொருவருக்கு என்பது கடையின் எழுதப்படாத விதி. வேலை போனால் மகளின் படிப்பு பாதியில் நிற்கும்.

வாடகை வேன் ஓட்டிய கணவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கி உரிமம் பறிபோன பிறகு, சமையலும் வீட்டுப் பொறுப்பும் அவருடையவை. மாலையில் மனைவியின் காலுக்குக் கட்டுப் போடுவதும் அவர்தான். “ஊருக்கெல்லாம் நீ திரை போடுற. உன் புண்ணுக்கு நான் திரை போடுறேன்” என்பார். தூணக்கா சிரிப்பார், கட்டு இறுகும்போது மட்டும் சிரிப்பு ஒரு கணம் நின்று தொடரும்.

இந்நிலையில்தான் சட்டம் வந்தது. கடைகளில் பணிபுரிவோர் ஒவ்வொருவருக்கும் இருக்கை வழங்க வேண்டும், வேலையில்லாத வேளைகளில் அவர்களை அமர அனுமதிக்க வேண்டும் என்று அது கூறியது. அடுத்த வாரமே நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கின. பெண்கள் அவற்றைத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி உட்கார்ந்து காலாட்டிக் காட்டினாள். ஆனால், சில நாட்களிலேயே அவற்றின்மீது துணிச்சுருள்கள் ஏறி அமர்ந்துவிட்டன.

இதைப் பெண்களின் அறியாமை என்று கருதுவது பிழை. கடையில் ஒவ்வொரு விற்பனையாளருக்கும் ஓர் எண் உண்டு. வாடிக்கையாளரை முதலில் எதிர்கொள்பவரின் எண்ணில்தான் பில் விழும். பில்லின் அளவைப் பொறுத்தே ஊக்கத்தொகை. அடிப்படைச் சம்பளம் வாடகைக்கே போதாது. உட்கார்ந்தவர் எழுவதற்குள் வாடிக்கையாளர் பருந்தின் கைக்குப் போய்விடுவார். பருந்து என்பது அந்தப் பிரிவின் நால்வரில் இளையவள். லிஃப்ட் கதவு பாதி திறக்கும்போதே உள்ளே இருப்பவர் வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று சொல்லிவிடக்கூடியவள். அவளுக்கு அஞ்சியே மற்ற மூவரும் நின்றார்கள். அவர்களுக்கு அஞ்சி அவளும் நின்றாள். கழிப்பறைக்குப் போவதற்குக்கூடத் தரைத்தளம்வரை இறங்க வேண்டும் என்பதால், தண்ணீர் குடிப்பதையே நால்வரும் மாலைவரை ஒத்திவைத்தார்கள்.

தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று ஒருநாள் தள மேலாளருக்குத் தகவல் கிடைத்தது. துணிகளை இறக்கச் சொன்னார். எல்லோரும் அமர்ந்தே இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அதிகாரியை வரவேற்க வாசலுக்கு விரைந்தார். அவர் ஒரு லிஃப்டில் இறங்கிக்கொண்டிருக்க, மற்றொரு லிஃப்டில் கையில் குடையுடன் ஒரு பெண்மணி ஏறி வந்தார். கதவு திறந்ததுதான் தாமதம், நால்வரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். பருந்துக்கு அன்று செருப்பு வழுக்கியது. தூணக்கா முந்திக்கொண்டார்.

வந்தவர் படுக்கையறைக்குத் திரை கேட்டார். தூணக்கா பழக்கம் மாறாமல் சுருள்களை ஸ்டூலின்மேல் அடுக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். துணி தேர்வான பிறகு, அந்த ஸ்டூல் எதற்காக என்று அவர் விசாரித்தார்.

“நாங்க உட்காரத்தாம்மா குடுத்தாங்க. ஆனா எங்களைவிட இந்தத் துணிங்கதான் பாவம், ரொம்பக் களைச்சுப்போகுது.”

மூச்சிரைக்க மேலாளர் வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். பெண்மணி சிரித்தபடியே பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். பருந்து மெல்லத் தன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். இருக்கையெல்லாம் போட்டாயிற்று, இவர்கள்தான் உட்கார மறுக்கிறார்கள் என்று மேலாளர் முறையிட்டார். அப்படியா என்று அதிகாரி தூணக்காவைப் பார்த்தார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைய பொழுது தொல்லையின்றிக் கழிந்திருக்கும். கட்டுக்குள் புண் துடித்துக்கொண்டிருந்தது.

“உட்கார ஆசை இல்லாமலாம்மா? உட்கார்ந்தவ நம்பர்ல பில்லு விழாது. அவ்வளவுதான்.”

அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தார். “ஸ்டூல் என் அதிகாரத்துல வருது. பில்லு வரலையேம்மா” என்றார். இருக்கைகளின்மீது சரக்கு வைக்கக் கூடாது என்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, திரைத்துணிக்கும் பணம் கட்டிவிட்டுப் போனார். அந்த பில் தூணக்காவின் எண்ணில் விழுந்தது.

மாலையில் மேலாளர் வந்தார். “வாய் கொஞ்சம் நீளம்மா உங்களுக்கு. அடுத்த மாசம் கிடங்குல போட்டுடவா?” என்று கேட்டார். கிடங்கில் சுமை தூக்க வேண்டும், ஊக்கத்தொகையும் கிடையாது. தூணக்காவின் கால் அதை ஒரு மாதம்கூடத் தாங்காது.

மறுநாள் சாப்பாட்டு அறையில் எல்லோரும் தலைகுனிந்து உண்டுகொண்டிருந்தபோது, பருந்து டப்பாவை மூடினாள்.

“இனிமே நாலு பேரு பில்லையும் அக்கா நம்பர்லயே போடுவோம். மாசக் கடைசில பிரிச்சுக்கலாம். விற்பனைல முதல்ல நிக்கிறவளை எந்த முதலாளியும் கிடங்குக்கு அனுப்பமாட்டான்.”

“நீ பிடிக்கிற இரையெல்லாம் எனக்கா? பருந்துக்கு எப்ப வந்துச்சு இந்தப் புத்தி?”

“எனக்கும் கால் ரெண்டுதானே அக்கா.”

பங்கில் சண்டை வரும் என்று மற்ற இருவர் ஐயுற்றனர். முதல் மாதம் சிறிது வரவும் செய்தது. ஆனால் முந்திக்கொள்ளும் அவசியம் நீங்கியதால், முறைவைத்து உட்கார முடிந்தது. நிற்பவர் சுருளை எடுத்துக் காட்டுவார், அமர்ந்திருப்பவர் அளந்து மடிப்பார். ஒருவர் கீழே இறங்கிப் போய்வந்தாலும் வியாபாரம் கெடவில்லை. தண்ணீர் பாட்டில்கள் மதியத்துக்குள் காலியாயின. நிதானமாகக் கவனிக்கப்பட்டதால் வாடிக்கையாளர்களும் கூடுதலாகவே வாங்கினார்கள். தூணக்காவின் புண் ஓரங்களிலிருந்து உலரத் தொடங்கியது. கட்டுத்துணி மிச்சமாகிறது என்று கணவர் பெருமைப்பட்டார். மேலாளர் கிடங்குப் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்தக் காலாண்டின் சிறந்த விற்பனையாளராகத் தூணக்கா அறிவிக்கப்பட்டார். சுவரில் மாட்டுவதற்குப் படம் எடுக்க வந்தவர், திரைகளின் முன்னால் நிமிர்ந்து நிற்கச் சொன்னார்.

“உட்கார்ந்தே எடுங்க தம்பி” என்றார் தூணக்கா.

படக்காரர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே எண்ணில் இத்தனை பில் எப்படி விழுந்தது என்பதை அவர் கணிக்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் பிரிவின் விற்பனை ஏறியிருந்தது. அவருக்கும் அதில் நற்பெயர்.

“அந்த ஸ்டூல் மேல இருக்கிற துணியை எடும்மா” என்று பருந்திடம் சொன்னார்.

அன்று மாலை மகளின் கைப்பேசியில் அந்தப் படத்தைக் கணவர் தன் நல்ல கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

“தூண் உட்கார்ந்தா கட்டடம் விழுந்துடாதா?”

“விழலையே” என்று சொல்லி, தூணக்கா கட்டு மாற்றுவதற்காகக் காலை அவர் மடியில் நீட்டினார்.