கொடுக்காத தண்ணீர்

போன கோடையில் ஒரு மாலின் மேல்மாடித் தியேட்டர் வாசலில், என் கைப்பையைத் துழாவிய காவலாளி அதிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தனியே வைத்துவிட்டார். வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுபோகக் கூடாதாம். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நீலத் தொட்டி இருந்தது. அது நிறைய, என்னுடையதைப் போலப் பாதி குடித்த பாட்டில்கள். சண்டை போட வாயைத் திறந்தேன். சண்டைக்கு நான் சளைத்தவளும் இல்லை. ஆனால் அந்தத் தொட்டியைப் பார்த்ததும் மேஜர் ஞாபகம் வந்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

தொண்ணூறுகளில் தி.நகரில் ஒரு பழைய தியேட்டரில் பெண்கள் கவுண்ட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்கு மேலே கம்பி வலை. வருகிறவர்களை முகத்தை விட வளையலையும் மருதாணியையும் வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும். அங்கே வாசல் பொறுப்பில் இருந்தவர்தான் மேஜர். ராணுவத்தில் அவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டோம். திருவல்லிக்கேணிக்காரர். இஸ்திரி கலையாத காக்கி, முறுக்கிய மீசை, தோளில் குறுக்காகத் தொங்கும் பச்சைத் துணி போட்ட ராணுவத் தண்ணீர் பாட்டில். படத்தின் நடுவே குழந்தை அழுதால், டார்ச்சைத் தரையில் அடித்தபடி போய் அந்தப் பாட்டிலைத் திறந்து கொடுப்பார்.

தண்ணீர் லாரி வருமா வராதா என்று தெருவெல்லாம் குடங்கள் காத்துக் கிடந்த வருடங்கள் அவை. அப்படியும் அவர் பாட்டில் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. கேன்டீன்காரருக்கு அது வயிற்றெரிச்சல். "இன்னா மேஜரு, நீ இப்டி ஓசில ஊத்திக்கினு கீறியே, என் சோடாவ எவன் நைனா வாங்குவான்?" என்று புலம்புவார். "தாகம்னு கேட்டா என்னால இல்லன்னு சொல்ல முடியாது நைனா" என்பார் மேஜர். பெருமைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு போர்ப்படம் வந்தது. பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது. சண்டையை உள்ளது உள்ளபடி எடுத்திருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் ஒரே புகழ்ச்சி. நம் ஜனங்கள் முதல் வாரம் பெருமையாக வந்தார்கள். இரண்டாவது வாரம் ஈ ஓட்டினோம். ஒவ்வொரு காட்சியிலும், இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, போஸ்டரைப் பார்த்தபடி நிற்பார். ஒரு குறிப்பிட்ட காட்சி முடிந்த பிறகுதான் உள்ளே போவார். வயிற்றில் குண்டு பட்ட ஒரு சிப்பாய் தண்ணீர் கேட்டுக் கெஞ்சுகிற காட்சி அது. பக்கத்தில் இருக்கும் நண்பன் கடைசிவரை கொடுக்கமாட்டான்.

ஒரு நாள் மேட்னிக்கு முன்னால் என் கவுண்ட்டருக்குள் வந்து, நின்றபடியே பேசினார். "வெள்ளைத் துப்பட்டா போட்ட ஒரு பெரிய அம்மா, பேத்தியோட வரும்மா. திருவல்லிக்கேணி. டிக்கெட் இல்லன்னு சொல்லிடு." ஏன் என்று கேட்டேன். சொன்னார்.

அந்த அம்மாவின் மகனும் இவரும் ஒரே தெரு, ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் மகனுக்கு வயிற்றில் குண்டு பட்டது. அவனை மடியில் போட்டுக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார். அவன் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். கொடுத்தால் பிழைக்கிறவனும் பிழைக்கமாட்டான். இடுப்பில் நிறைந்த பாட்டிலை வைத்துக்கொண்டு இவர் இல்லை இல்லை என்றே சொல்லியிருக்கிறார். வண்டி வருவதற்குள் அவன் போய்விட்டான். உடல் ஊருக்கு வரவில்லை, அங்கேயே அடக்கம். லீவில் வந்தவரிடம் அந்தத் தாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கடைசில வாயில தண்ணி விட்டியா பேட்டா?"

போகிற உயிருக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவது அவர்கள் வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. பெற்றவள் கையால் செய்யக் கொடுத்துவைக்கவில்லை, இவனாவது செய்தானா என்ற கேள்வி அது. இவர் விட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அந்த வீட்டுக்குப் போவார். கஞ்சி குடிப்பார், சேமியா சாப்பிடுவார், தண்ணீரை மட்டும் அங்கே தொட்டதில்லை.

"படத்தப் பாத்தா அவங்களுக்குப் புரிஞ்சிடும்மா. இந்த வயசுல அவங்களுக்கு அது தெரியவே வாணாம்" என்றார். மீசை மட்டும்தான் விறைப்பாக இருந்தது, கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கே ஓட்டை வழியாக அந்தக் கை வந்தது. சுருங்கிய தோல், ஒரே ஒரு வெள்ளி மோதிரம். "ரெண்டு டிக்கெட் குடும்மா." ஹவுஸ்ஃபுல் என்றேன். கை அசையவில்லை. "சைக்கிள் ஸ்டாண்டே காலியா கீது. இன்னாம்மா ஹவுஸ்ஃபுல்லு?" பாட்டே இல்லாத படத்துக்கு, இரண்டாவது வாரத்தில், வேலைநாள் மேட்னிக்கு ஹவுஸ்ஃபுல் என்று சொல்லச் சொன்ன மனிதரை என்ன சொல்வது? அவரே ஓடிவந்தார். "ஒரே குண்டுச் சத்தம்மா, உங்களுக்கு ஆவாது. நல்ல படமா வந்தா நானே இட்டாறேன்."

"எம் புள்ள போன எடம் எப்டி இருக்கும்னு நான் பாக்க வாணாமா? எனக்கு வேற யாரு காட்டுவா?"

மேஜர் வலைக்கு அப்பால் என்னைப் பார்த்து, "குடுத்துடும்மா" என்றார்.

கவுண்ட்டரைச் சாத்திவிட்டு நானும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் காட்சி வந்தபோது மேஜர் வெளியே போகவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, அந்த அம்மாவின் இருக்கைக்குப் பக்கத்தில் நடைவழியில் நின்றார். திரையில் அந்தச் சிப்பாய் கெஞ்சி ஓயும்வரை அங்கேயே நின்றார்.

படம் விட்டதும் அந்த அம்மா படிக்கட்டுப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். களைப்பாக இருந்திருக்கும். மேஜர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"நீயும் இப்டிதான குடுக்கல?"

"குடுக்கலம்மா. வண்டி வந்துடும், பொழச்சுக்குவான்னு நெனச்சேன்."

அந்த அம்மா பாட்டிலின் பச்சைத் துணியை விரலால் தடவினார். பேத்தி தோளைத் தொட்டாள். பிறகு சொன்னார்: "நானும் தந்தி வர்ற வரைக்கும் அப்டிதான் நெனச்சுக்கினு இருந்தேன் பேட்டா." பாட்டிலை அவரிடமே திருப்பி நீட்டி, "நீ குடி" என்றார்.

மேஜர் வாங்கி, சட்டையெல்லாம் நனைய, மூச்சு விடாமல் குடித்தார். அந்தப் பாட்டிலிலிருந்து அவர் குடித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

உயிர்த்தியாகம் என்று மேடையில் சுலபமாகச் சொல்லிக் கை தட்டுகிறோம். உயிரோடு திரும்பி வந்தவர்கள் அங்கே எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றியதில்லை, அந்தப் பெஞ்சைப் பார்க்கும்வரை. மேஜர் இப்போது இல்லை. அந்தத் தியேட்டர் ஜவுளிக்கடையாகிவிட்டது.

மால் வாசலில் காவலாளி என் பாட்டிலைத் தொட்டிக்குள் போடக் கையை ஓங்கினார். வயதானவர், சட்டைக் காலர் வியர்வையில் ஊறியிருந்தது.

"போடாதீங்க. நீங்க குடிங்க" என்றேன்.

சூப்பர்வைசர் இருக்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் மூடியைத் திருகினார். அவர் குடித்து முடிக்கும்வரை நான் உள்ளே போகவில்லை.