அவர் எழுந்தால் அணையும் திரை

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில் எங்கள் ஃப்ளாட். ஹாலின் ஒரு மூலையில் என் கம்ப்யூட்டர். விண்டோஸுக்குப் பதிலாக அதில் ஓடுவது லினக்ஸ். என்னோடு படித்த தோழி ஒருத்தி, கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள், "உன் மெஷினுக்கு வயசாயிடுச்சுடி, இதைப் போட்டா இன்னும் கொஞ்ச காலம் ஓடும்" என்று போட்டுக்கொடுத்தாள். ஓடியது. அவ்வப்போது ஏதாவது மக்கர் செய்தால் என்ன தட்ட வேண்டும் என்று நானும் ஓரளவு கற்றுக்கொண்டேன். அந்த ஓரளவுதான் பிறகு என்னைப் பாடாய்ப் படுத்தியது.

என் கணவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. அந்த வாரம்தான் நான் லினக்ஸை அடுத்த பதிப்புக்கு மாற்றியிருந்தேன். வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று கறுத்துப் போனது. கரண்ட் போய்விட்டதா என்று மேலே பார்த்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் திரை வந்துவிட்டது. திருத்தியது அப்படியே இருந்தது. சரி, ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். மறுபடி கறுத்தது. மறுநாள் காலையிலும். ஒரு ஒற்றெழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்கு முன்னால் பக்கமே காணாமல் போனால் எப்படி இருக்கும்!

தோழிக்குப் போன் செய்தேன்.

"புதுசா என்ன மாத்தின?" என்றாள்.

"பதிப்பை மாத்தினேன்."

"அப்ப அதுதான். லாக்ல என்ன வருதுன்னு பாரு."

பார்த்தேன். நடந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் தானே குறித்துவைக்கும் இடம் அது. திரை துண்டிக்கப்பட்டது, திரை இணைக்கப்பட்டது என்று மாறி மாறி வந்திருந்தது. ஏன் என்று மட்டும் இல்லை. யாரும் ஒயரைப் பிடுங்கவில்லையே என்று நான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒயர் அதன் இடத்தில் இருந்தது.

திரையை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். லினக்ஸின் உட்கருவான கெர்னலைப் பழையதற்கே மாற்றினேன். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கான அமைப்புகளை எல்லாம் அணைத்தேன். இணையத்தில் ஒருவர் செய் என்றதை இன்னொருவர் செய்யவே செய்யாதே என்றார். இரண்டையும் செய்தேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஒழுங்காக இருக்கும். அப்பாடா என்று காபி கலக்கப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால் கறுக்கும். எதைச் செய்ததால் சரியானது, எதைச் செய்ததால் கெட்டது என்று எனக்கே புரியாமல் போயிற்று.

கடைசியில் சி.பி.யு. பெட்டியை ஆட்டோவில் வைத்து, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தன் மானிட்டரில் மாட்டி, மதியம் முழுக்க ஓடவிட்டார்.

"இன்னா மேடம், நல்லாத்தான் ஓடிக்கினு கீது. கார்டு, ராம் எல்லாம் சூப்பர். ஒண்ணுமே இல்ல."

"வீட்டில அணைஞ்சு அணைஞ்சு எரியறதுப்பா."

"வூட்ல கரண்ட்டு சரியில்லையோ இன்னாவோ."

எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, கரண்டில் ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று எனக்குள்ளேயே வைத்திருந்தேன். என் கணவர் எழுந்திருக்கும்போதுதான் திரை கறுக்கிறது. ஓய்வு பெற்றதும் அவர் பாண்டி பஜாரில் ஒரு சுழல் நாற்காலி வாங்கினார். ஆபீசில் இருப்பது போல, நெம்புகோலைத் தூக்கினால் உயரம் ஏறி இறங்குவது. என் மேஜைக்குப் பின்னால் அதைப் போட்டு, பேப்பர் படிப்பார். பேப்பரை மடிக்கும் சத்தம், அவர் எழும் சத்தம், பிறகு கறுப்பு. ஒருமுறை அப்படித்தான். இன்னொருமுறை அவர் எழுந்தும் ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "நீங்க எழுந்துண்டா ஸ்கிரீன் அணைஞ்சு போறது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் எழுந்துண்டா உன் ஸ்கிரீனுக்கு என்ன?"

"தெரியலை. ஆனா போறது."

"ஆத்துல நான் இருக்கறதே அதுக்குப் பிடிக்கலையோ என்னவோ" என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் மேஜையைப் பிடித்தபடி மெதுவாக எழுந்தார். திரை கறுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் தோழி பாலவாக்கத்திலிருந்து வந்தாள். மழை பெய்து குளிர்ந்திருந்ததால் ஏசி போடாமல் ஜன்னலைத் திறந்துவைத்திருந்தேன். அவள் உட்கார்ந்து என்னென்னவோ தட்டினாள். இவர் எழுந்தார், உட்கார்ந்தார், நடந்தார். ஒன்றுமே ஆகவில்லை. போகும்போது வாசலில் நின்று, "ரெண்டு நாள் வேலையை நிறுத்திட்டுத் தூங்குடி" என்றாள். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து இவர் பேப்பரை எடுத்துக்கொண்டு காலையிலேயே லஸ் பூங்காவுக்குப் போய்விடத் தொடங்கினார். சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நடை நல்லது என்று நினைத்துக்கொண்டேன். திரை ஒருமுறைகூட அணையவில்லை. பழைய கெர்னல்தான் காப்பாற்றியது என்று தோழிக்குச் செய்தி அனுப்பினேன்.

பிறகு ஒரு நாள் வெயில் தாங்காமல் பூங்காவிலிருந்து பாதியிலேயே வந்தார். ஏசியைப் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, "எழுந்துக்கலாமா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பாத்ரூம் போவதற்கு என்னிடம் அனுமதி கேட்கிறார்! "என்ன கேள்வி இது, எழுந்துக்கோங்கோ" என்றேன். எழுந்தார். திரை கறுத்தது.

இந்த முறை அவரே பார்த்துவிட்டார். "இரு, இரு" என்று மறுபடி உட்கார்ந்து எழுந்தார். கறுத்தது. பாத்ரூம் மறந்து போயிற்று. சாப்பாட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, அதில் உட்கார்ந்து எழுந்தார். ஒன்றும் இல்லை. "நீ உட்காரு" என்றார். சுழல் நாற்காலியில் நான் உட்கார்ந்து எழுந்தேன். கறுத்தது!

"நான் இல்லை, நாற்காலி!" என்றார். வங்கியில் பதவி உயர்வு வந்த அன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

போனில் சொன்னபோது தோழி நம்பவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தாள். "நிஜம்தான்டி. ஊர் உலகத்துல நிறைய பேருக்கு இப்படி ஆகியிருக்கு. அந்த நாற்காலிக்கு அடியில காத்து அடைச்ச குழாய் இருக்குல்ல? எழுந்திருக்கும்போது அங்க லேசா மின்சாரம் தெறிக்குமாம். உன் மானிட்டர் ஒயர் அதை ஆன்டெனா மாதிரி பிடிச்சுக்குது. ஏசி போட்டா காத்து காய்ஞ்சிடும், இன்னும் அதிகமா வரும். மழை நாள்ல வராது. நீளம் கம்மியா, தடியா ஒரு நல்ல ஒயர் வாங்கி மாட்டு."

வாங்கி மாட்டினேன். அதோடு நின்றது. பதிப்பு மாற்றியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாற்காலியும் அதே வாரம் வீட்டுக்கு வந்தது என்பது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை என்று இப்போதும் தெரியவில்லை.

ஆனால் இவர் காலையில் பூங்காவுக்குப் போவது நிற்கவில்லை. "நான் சொன்னதாலயா போறேள்? இப்பதான் சரியாயிடுத்தே" என்றேன்.

"முதல்ல அதுக்குத்தான் போனேன்."

"இப்போ எதுக்கு?"

யோசித்தார். "தெரியலை. நீயும் ஒருநாள் வாயேன்."

போனேன். மரத்தடி பெஞ்சில் அவர் வயதில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்து, "மாமியோட கம்ப்யூட்டர் இப்போ எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். இவர் எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லியிருக்கிறார்! சிறிது நேரம் கழித்து இவர் தண்ணீர் குடிக்க எழுந்தார்.

"சார், பாத்து எழுந்திருங்க, லஸ்ல மெட்ரோ வேலை நின்னுடப் போகுது" என்றார் இன்னொருவர்.

மூன்று பேரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் இவர்தான். நானும் சிரிக்க வேண்டுமா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று தெரியாமல், அவர் வைத்துவிட்டுப் போன பேப்பரை எடுத்து மடியில் விரித்துக்கொண்டேன்.