வரிசையில் இரண்டாவது ஆள்

என் அம்மா நெலிடா ஆகஸ்ட் பதினான்காம் தேதி இறந்தாள். அடக்கத்துக்கு நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அதில் எனக்குத் தெரிந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் எல்லாம் அவள் மலைக்கு அழைத்துப் போனவர்கள். ஆகஸ்ட் எங்களுக்குக் குளிர்காலம்; பனியில் நின்று "எங்க கிழவி போயிட்டா" என்று அழுதார்கள். எங்கள் ஊரில் பெற்ற பிள்ளைதான் அம்மாவைக் கிழவி என்று கூப்பிடும். மகளான நான் மட்டும்தான் அவளுக்குப் பிள்ளை.

எங்கள் மலையூர் பாரிலோச்சேயில் ஒரு பள்ளிச் சமையலறையில் அம்மாவுக்கு வேலை. ஜனவரியில் கோடை, பள்ளி விடுமுறை. அந்த விடுமுறையில் ஐந்து நாள், எங்கள் மாதா கோயில் இளைஞர் குழுவை முதுகு மூட்டையோடு மலையேறக் கூட்டிப் போவாள். மொத்தம் இருபத்தாறு ஜனவரி. ஒரு பிள்ளைக்கும் எலும்பு முறிந்ததில்லை.

அதிகம் பேசமாட்டாள். சில விதிகள் வைத்திருந்தாள். மூட்டை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. சமையலறையில் மாவு நிறுக்கும் கொக்கித் தராசைக் கொண்டுவந்து ஒவ்வொரு மூட்டையையும் தொங்கவிட்டுப் பார்ப்பாள். செண்ட் பாட்டில், மூன்றாவது ஜோடி செருப்பு, எல்லாம் வெளியே வரும். காலில் உறுத்துகிறது என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் அங்கேயே நிற்கவேண்டும். கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. பனி உருகி வரும் ஆற்றைக் காலையில்தான் தாண்டவேண்டும். மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும். இரண்டு மணிக்குள் மேட்டு உச்சியை எட்டவில்லை என்றால் திரும்பவேண்டும், மேடு கண்ணெதிரே இருந்தாலும்.

மதியம் நிற்கும் இடத்தில் மாத்தே ஊற்றுவாள், வெந்நீரில் ஊறிய கசப்பு இலைச் சாறு. ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும். குடுவையைத் திரும்ப வாங்கும்போது கையைப் பார்ப்பாள். வீங்கியிருக்கிறதா, நடுங்குகிறதா. எங்கள் வழக்கத்தில் குடுவையைக் கொடுத்து நன்றி சொன்னால் இனி எனக்கு வேண்டாம் என்று பொருள். முதல் சுற்றிலேயே நன்றி சொல்கிற பெண்ணை அம்மா தனியே கூட்டிப் போவாள். புதர்ப்பக்கம் ஒதுங்க வெட்கப்பட்டு அந்தப் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள், சாயங்காலம் தலைவலியில் சுருண்டுவிடுவார்கள். அம்மா கூட்டிப் போன குழுவில் அது நடந்ததில்லை.

நடக்கும் வரிசைக்கும் விதி உண்டு. முதலில் அம்மா. அவளுக்கு அடுத்து, குழுவிலேயே மெதுவாக நடக்கும் ஆள். அந்த ஆளின் நடைதான் எல்லோருக்கும் நடை. கடைசியில் பலமான ஆள், கழுத்தில் விசிலோடு. பலமான ஆள் நான். பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வரை, ஏழு ஜனவரி, நடக்கும்போது அம்மாவின் முதுகுகூட என் கண்ணில் பட்டதில்லை. எனக்கு வரும் மாத்தேயும் கடைசி மாத்தே. சாரம் இறங்கிப்போய் வெந்நீராக இருக்கும்.

இரண்டாவது இடம் மகாலியுடையது. அவளுக்கு இளைப்பு நோய். ரொட்டிக் கடைக்காரர் மகள், என் வயதுதான். அம்மா அவளுக்காக நிற்பாள், அவளிடம் பேசுவாள், அவளுடைய தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுப்பாள். கடைசியில் வரும் எனக்குப் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், சொல் பிடிபடாது.

பதினைந்து வயதில் ஒரு நாள் நொண்டினேன். அம்மா வரிசையை நிறுத்திவிட்டு என்னிடம் இறங்கி வந்தாள். கணுக்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். எனக்கு நன்றாக இருந்தது.

"கால் நல்லாத்தான் இருக்கு. கடைசிக்குப் போ" என்றாள். எல்லோருக்கும் கேட்டது.

பத்தொன்பதில் படிக்கப் போனேன். இப்போது மின்வாரியத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறேன். அதன் பிறகு மலைக்குப் போகவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டைக் காலி செய்கையில் நீல அட்டை நோட்டு கிடைத்தது. ஆண்டுக்கு ஒரு தாள். நடந்த வரிசையில் பெயர்கள், பெயருக்கு எதிரே குறிப்பு, தாளின் பின்பக்கம் வழியின் படம். என் ஏழு ஆண்டுகளையும் முதலில் புரட்டினேன். மகாலியின் பெயருக்கு எதிரே நான்கு வரி, ஐந்து வரி. எந்த மேட்டில் இளைத்தாள், எதைச் சாப்பிட்டாள், எந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்தாள். என் பெயருக்கு எதிரே ஒரு கோடு. ஏழு கோடு.

டிசம்பரில் மகாலி வந்தாள். குழுவை இனி அவள்தான் கூட்டிப் போகிறாள். நான் மாத்தே ஊற்றினேன்.

"கிழவி ஒரு நோட்டு வெச்சிருந்தாளே, நீல அட்டை. அது எங்க?"

"அப்படி எதுவும் கிடைக்கல."

நோட்டு அவள் முதுகுக்குப் பின்னால் இழுப்பறையில் இருந்தது.

"அடுப்புல போட்டுட்டியா?"

"நான் ஏன் போடணும்?"

"சும்மா கேட்டேன். மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. சின்ன வயசுலயே பின்னாலேர்ந்து அந்த மூஞ்சிதான் என் முதுகுல குத்திட்டு இருக்கும்."

குடுவையை அவளிடம் நீட்டினேன். உறிஞ்சிவிட்டுக் கொடுத்தாள்.

"போன ஜனவரி நான் போகல. மாமியாருக்கு ஆபரேஷன். போன பசங்களக் கேட்டா, ஆத்தத் தாண்டினோம்ங்குதுங்க. எங்கடான்னா, தண்ணி இருந்த இடத்துலங்குதுங்க." சிரித்தாள். "போகட்டும். எனக்கு வழி மனப்பாடம். கீழ்த்துறைலதான் தாண்டப்போறேன், என்னைக்கும் தாண்டுற இடம்தானே."

"எத்தன பேர்?"

"பதினாலு. மூணு பேருக்கு நீச்சல் தெரியாது. கயிறு போட்டுக்கலாம்."

போன ஜனவரித் தாளில் அம்மா எழுதியிருந்தாள்: கீழ்த்துறை போய்விட்டது. அடியில் கரையைக் குடைந்திருக்கிறது. மேலே பார்த்தால் தட்டையாகத் தெரியும், நம்பாதே. அரை மணி மேலே ஏறு. பக்கத்தில் படம்.

மகாலியிடம் வாயால் சொல்லிவிட்டு நோட்டை நானே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அம்மா போனில் சொன்னாள் என்றால் போதும். ஆனால் அரை மணி என்பது யார் நடையில் அரை மணி? படத்தில் இரண்டு பிளந்த பாறைகள் இருந்தன, ஒன்றின்மேல் மட்டும் பெருக்கல் குறி. வாயால் சொன்னால் பிழை வரும். எவ்வளவு பிழை தாங்கும் என்று பார்ப்பதுதான் என் வேலை. பதினாலு பேருக்கு இது தாங்காது.

எழுந்து அவளைத் தாண்டிப் போய் இழுப்பறையைத் திறந்தேன். நோட்டை மேசைமேல், அந்தத் தாள் மேலாக இருக்கும்படி வைத்தேன்.

மகாலி படித்தாள். திருப்பிப் படத்தைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"கிடைக்கலன்ன."

"கிடைச்சுது. உனக்குக் குடுக்க மனசு வரல."

"சரி."

"ஏன்னு கேக்கமாட்டியா?"

"கேக்க என்ன இருக்கு. நானா இருந்தா எரிச்சிருப்பேன்."

"நீ எதுக்கு எரிக்கணும்? அவ உன்னத்தான் பக்கத்துலயே வெச்சிருந்தா."

"பக்கத்துல வெச்சுக்கிட்டு என்ன பேசுனான்னு உனக்குத் தெரியுமா? நாலு மணி நேரம் ஏத்தம். நான் மூச்சுக்குத் தவிச்சிட்டு இருப்பேன். இந்தம்மா ஆரம்பிச்சிடுவா. எம்பொண்ணு ரேடியோவப் பிரிச்சுத் திரும்ப மாட்டிட்டா. எம்பொண்ணு கணக்குல இத்தன மார்க்கு. பின்னால எம்பொண்ணு இருக்கா, எனக்குத் திரும்பிப் பாக்குற வேலையே இல்ல. பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லாததால கேட்டுட்டே வருவேன். உன்னக் கண்டாலே எனக்கு ஆகாது, தெரியுமா?"

"வேற என்ன சொன்னா?"

"நிறைய. நெஞ்சு இரைஞ்சிட்டே இருந்துச்சு, பாதிதான் காதுல விழுந்துச்சு."

"அந்தப் பாதியச் சொல்லு."

நோட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். கெண்டியில் வெந்நீர் தீர்ந்தது, மறுபடி அடுப்பில் வைத்தேன். நான் ஆறு வயதில் தொலைந்துபோய்க் கிடைத்த கதையைச் சொன்னாள். என் முதல் சம்பளத்தில் அம்மா வாங்கிக்கொண்ட பூட்ஸை அந்த வருஷம் முழுக்க எல்லோருக்கும் காட்டியதைச் சொன்னாள். ஒரு கதையில் முடிவு அவளுக்கு நினைவில்லை. இன்னொன்றில் நடுவே நின்று, "அப்புறம் நான் மருந்து உறிஞ்சிட்டு இருந்தேன், கவனிக்கல" என்றாள்.

என்ன சொன்னாள் என்று இனி கேட்க வேறு ஆள் இல்லை. என் அம்மா பேசியதில் பாதியைத் தவறவிட்டவள் எதிரே உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மறுபடி அவள்மேல் எரிச்சல் வந்தது. குடுவையை நிரப்பி அவளிடமே நீட்டினேன்.