கேட்டைத் திறந்தது யார்?

"அக்கா, கேட்டைத் தொறந்தது யாரு?"

போனை எடுத்ததும் வந்த முதல் கேள்வி இதுதான். வணக்கம் இல்லை, பெயர் இல்லை. திங்கட்கிழமை காலை. எடிட் அறையில் ஒரு கையில் இட்லிப் பொட்டலம், மறுகையில் மவுஸ்.

"எந்தக் கேட்டுங்க?"

"நேத்து ஒங்க சீரியல்ல மூடுனாருல்ல, அந்தக் கேட்டுதான். மூடுனாரு. ரயிலு போச்சு. பொறவு? ஸ்கூட்டர்காரரு நிக்கிறாரு, பால்காரம்மா நிக்குது, நாலு ஆடு நிக்கிது. மூடுன மனுசனும் நிக்கிறாரு. ரயிலு பாட்டுக்கு அங்கிட்டுப் போயிருச்சு. தொறந்தது யாருன்னு சொல்லுங்க."

பேசியவர் அப்பாஸ். கோட்டைப்பட்டினத்தில் ஐஸ் லாரி ஓட்டுகிறவர். அவர் ஊரில் கடல் உண்டு, தண்டவாளம் கிடையாது. அதனால் ரயில் பார்ப்பதற்கென்றே அறந்தாங்கிக்கு வருவார். அவரைப் போன்ற ரயில் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். டைட்டில் கார்டில் என் பெயரைப் பார்த்துவிட்டு, எங்கெங்கோ விசாரித்து நம்பர் பிடித்திருக்கிறார்.

இருபது வருடத்துக்கு மேலாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எடிட்டராக இருக்கிறேன். மாமியார்கள் முறைப்பதை மூன்று கோணத்தில் வெட்டி ஒட்டிய கை இது. யாரும் எதையும் கேட்டதில்லை. ரயிலைப் பற்றி ஒரு தொடர் வந்தது. கேட்க ஆள் வந்துவிட்டார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக அந்த ஒரு வாரத்தை எழுதி வைக்கிறேன்.

அரை நிமிடம்

நாங்கள் படம் எடுத்தபோது, அறந்தாங்கி வழியாகப் போகும் பாதையில் பல கேட்டுகளுக்கு ஆள் கிடையாது. கேட் கீப்பர் ரயிலிலேயே வருவார். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும். அவர் இறங்கிப் போய் மூடுவார். ரயில் மெல்லக் கடந்து போய் மறுபடி நிற்கும். அவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து கடைசிப் பெட்டியில் ஏறுவார். பிறகுதான் கார்டு பச்சைக் கொடி காட்டுவார்.

எங்கள் தொடரில் அந்த வேலையைச் செய்ய ஒரு நடிகரைக் கூட்டிப் போயிருந்தார்கள். அவருக்குக் கேட்டை இறக்கவே தெரியவில்லை. கடைசியில் அந்த ரயிலில் நிஜமாகவே கேட் கீப்பராக வந்த கருப்பையாவையே கேமராவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாருக்கும் 'மிலிட்டரி'.

வெட்டாமல் வந்த மூலப் படத்தை, ரஷஸை, பார்த்தபோது சொக்கிப் போனேன். எல்லாம் ஒரே நீள ஷாட். கேட் உயர்கிறது. ஆடுகள் முதலில் பாய்கின்றன. பால்காரம்மா ஏதோ சொல்ல, கருப்பையா சிரித்துக்கொண்டே திரும்புகிறார். ஜல்லியில் கால் இடற ஓடிவருகிறார். ஓர் ஆளுக்காக அத்தனை இரும்பும் காத்து நிற்கிறது. வெயிலும் நிற்கிறது. அவர் கைப்பிடியைப் பற்றியதும்தான் அந்தப் பொட்டல் முழுக்க மூச்சு விடுகிறது.

ஒளிபரப்புக்கு முந்தின நாள் இயக்குநர் வந்தார்.

"மேரி, ஒரு விளம்பரம் கூடுதலா வந்திருக்கு. அரை நிமிஷம் தூக்கணும்."

"எதைத் தூக்க சார்?"

"அந்த ஆள் திரும்ப ஓடி வர்றது இருக்கே. ஒரு தடவை நின்னா போதாதா ரயிலு? ஹீரோயின் ஜன்னல்ல அழுவுறா, அதுக்குப் போயிடு."

கேட்டைத் திறப்பதையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போனேன்.

அறந்தாங்கி மாடி

அதே வாரம் எங்கள் ஊரான ஆவூரில் என் தங்கை புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். "ஊருக்கு வாரீகள்ல, அப்படியே இங்கிட்டும் வந்துட்டுப் போங்கக்கா" என்று அப்பாஸ் விடாமல் கூப்பிட்டார். உரக்கடை ஒன்றின் மாடியில் அந்த ரயில் குழுக்காரர்கள் கூடியிருந்தார்கள். யூரியா வாசம். சுவரில் பெரிய டிவி. அதில் என் எபிசோடு, நிறுத்தி நிறுத்தி.

"அக்கா, வாரது டீசல் இன்ஜின். அடிக்கிறது கரண்டு இன்ஜின் ஹாரன். எப்படிக்கா?"

"பொட்டி புறப்படும்போது நீலக் கலரு, அழுவும்போது செவப்புக் கலரு. கண்ணீர்ல சாயம் போயிருச்சோ?"

"காரைக்குடிக்குப் போற புள்ள, திருவாரூர்ப் பக்கமால்ல போயிக்கிட்டு இருக்கு. அதான் அழுவுது போல."

மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். இருபது வருடத்தில் என் வேலையை இவ்வளவு அன்போடு யாரும் திட்டியதில்லை. ஒரு ஃபிரேமைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

மூலையில் உரமூட்டை மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. திரையில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிய முகம். எழுந்து கும்பிட்டார்.

"ஒக்காருங்கண்ணே."

"இருக்கட்டும்மா."

அப்பாஸ்தான் எடுத்துக் கொடுத்தார். "சொல்லுங்க மிலிட்டரி. அக்காட்டயே சொல்லுங்க."

கருப்பையா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தெருவே கூடிப் பாத்துச்சும்மா. வீட்டுக்காரி எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்தா. மறாநா கடைக்குப் போனா, 'என்ன மிலிட்டரி, ரயிலு ஒன்னைய விட்டுட்டுப் போயிருச்சாமே'ங்கிறாங்க. கேலிதானே, பேசிட்டுப் போறாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆனா கேட்டை மூடிப்புட்டு அப்படியே நின்ன ஆளுன்னு பேராயிருச்சும்மா. ஒரு நாளும் நான் அப்படி விட்டதில்ல. இப்ப இந்த வேலையும் இல்ல, கேட்டுக்குக் கேட்டு ஆளு போட்டாச்சு. நான் பாத்த வேலைக்குன்னு இருக்கிறது அந்த ஒரு படம்தான். அதுல பாதிதான் இருக்கு."

திரையில் அவர் மூடிய கேட்டுக்குப் பின்னால் உறைந்து நின்றார். ஒரு மனிதனை நட்ட நடு வெயிலில் இறக்கிவிட்டு வந்திருக்கிறோம். அந்த மாடியில் இருந்தவர்கள் ஹாரனுக்காகவும் பெட்டியின் நிறத்துக்காகவும் அடித்துக்கொண்டதெல்லாம் விளையாட்டு. இதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அந்த ஷாட்டு இருக்காக்கா, அழிச்சுட்டீகளா?" என்றார் அப்பாஸ்.

"இருக்கு."

ரீகேப்

ஒளிபரப்பான எபிசோடைத் திறக்க சேனல் விடாது. அடுத்த எபிசோடிலோ கதை ரயிலைவிட்டு இறங்கிக் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டது. அந்த ஷாட்டுக்கு அங்கே இடமில்லை.

ஆனால் ஒவ்வொரு எபிசோடின் தலையிலும் 'சென்ற வாரம்' என்று ஒரு ரீகேப் வரும். அந்த நேரத்தில் வீடுகளில் அடுப்பைப் பார்ப்பார்கள், ரிமோட்டைத் தேடுவார்கள். எடிட்டருக்கென்று இந்த உலகத்தில் பட்டா போட்ட நிலம் அது ஒன்றுதான்.

"சார், ரீகேப்ல ஒரு ஷாட் மாத்துறேன்."

"ரீகேப்பா? அதை யாரு பாக்குறா. நீயே பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். ஹீரோயின் அழுததை, மாமா முறைத்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். கேட் மூடுகிறது. ரயில் கடக்கிறது. நிற்கிறது. கேட் உயர்கிறது, ஆடுகள், பால்காரம்மா, சிரிப்பு, ஜல்லியில் ஓட்டம், கைப்பிடி, பச்சைக் கொடி. வசனம் இல்லை, பின்னணி இசையும் வைக்கவில்லை. அவருடைய செருப்புச் சத்தம் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எபிசோடு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அப்பாஸ். பின்னால் மாடியே கத்திக்கொண்டிருந்தது, விசில் வேறு.

"அக்கா! போன வாரம் காட்டாததை, போன வாரம் நடந்துச்சுன்னு காட்டுறீகளே, இது என்ன நாயம்?"

"தப்பாங்க?"

"தப்புதான். இன்னொரு வாட்டி போடுங்க." சிரித்து ஓய்ந்து, "ஆனா போன வாரம் அடிச்சது கரண்டு இன்ஜின் ஹாரன்தான்க்கா. அதை விடமாட்டோம். இந்தாங்க, மிலிட்டரி பேசணுமாம்."

போன் கைமாறியது. கரகரப்பு. ஒரு செருமல். இன்னொரு செருமல்.

"ஏறிட்டேம்மா" என்றார் கருப்பையா.

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

இன்றைக்கும் டைம்லைனில் ஒரு ஷாட்டை வெட்டும் முன் விரல் ஒரு கணம் நிற்கிறது. கதவைத் திறந்துவிட்டுப் போன வேலைக்காரம்மா, காபி வைத்துவிட்டு நகர்ந்த பையன், ஆட்டோவை நிறுத்திய டிரைவர். கதைக்கு வேண்டாதவர்கள்தான், வெட்டத்தான் வேண்டியிருக்கிறது. வெட்டுங்கள். ஆனால் நீங்கள் இறக்கிவிட்ட ஆள் திரும்ப ஏறிவிட்டாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கொடி காட்டுங்கள்.