மாண்புமிகு பேராசிரியர் இமா அவர்களுக்கு

கலபார் நகரத்துக்கு வடக்கே இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் டாக்டர் இமா உடோஃபியாவும் நானும் ஒரே அறையில் இரண்டு மேசை போட்டுப் பல வருடம் உட்கார்ந்திருந்தோம். அவள் நத்தையும் புழுவும் படித்தவள். எட்டிம் என்கிற நான் களைச்செடிக்காரன். காலையில் மின்சாரம் வந்ததும் அவளுடைய முதல் வேலை மின்னஞ்சலைத் திறந்து கடிதங்களை உரக்கப் படிப்பது. "மாண்புமிகு பேராசிரியர் அவர்களுக்கு, இந்த நன்னாளின் வாழ்த்துகள்" என்றுதான் எல்லாமே தொடங்கும். அவள் அப்போது பேராசிரியரே கிடையாது. பல் மருத்துவ இதழ் ஒன்று அவளிடம் கட்டுரை கேட்கும். சிமென்ட் ஆராய்ச்சி மாநாடு ஒன்று தலைமை தாங்கக் கூப்பிடும். பணம் கட்டினால் மளிகைச் சீட்டைக்கூட ஆராய்ச்சி என்று அச்சிடுகிற கூட்டம் அது.

"பேராசிரியரே, சிமென்ட்டப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்பேன்.

"நத்தை மேல பூசினா கெட்டியா நிக்கும்" என்பாள். அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டு இருவரும் சிரிப்போம்.

ஆகவே அவளை யாரும் ஏமாற்றவில்லை. பின்னால் எங்கள் துறையில் பலபேர் "பாவம், தெரியாமல் விழுந்துவிட்டாள்" என்று உச்சுக் கொட்டினார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

அவள் ஆராய்ச்சி செய்தது இகோட் எனே என்ற கிராமத்தின் ஓடையில். பெண்கள் மரவள்ளிக்கிழங்கை ஊறப்போட முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள், பக்கத்திலேயே பிள்ளைகள் குளிக்கும். ஓடை நத்தையிலிருந்து வெளிவரும் புழு தோலைத் துளைத்து உள்ளே போய், மூத்திரப்பையைச் சுற்றிக் குடியேறிவிடும். பையன்களுக்கு மூத்திரம் ரத்தமாகப் போகும். ஊரில் அதை நோய் என்று நினைப்பதில்லை. பையன் ஆளாகிவிட்டான் என்று சில வீட்டில் சேவல் அறுப்பார்கள். பெண்பிள்ளைக்கு அப்படிப் போனால் மட்டும் வெளியே மூச்சு விடமாட்டார்கள்.

மாநில சுகாதார அலுவலகத்தின் வரைபடத்தில் அந்தப் பக்கம் முழுவதும் நோய் இல்லாத பகுதி. அதனால் பள்ளிக்கு அரசாங்கம் தரும் புழு மாத்திரை கிடையாது. இமா பள்ளிப் பிள்ளைகளின் மூத்திரத்தைச் சோதித்து, பாதிக்கு மேற்பட்டவர்களிடம் புழு முட்டையைக் கண்டாள். தலைமை ஆசிரியை அஃபியோங்கிடம் மாத்திரை வரவழைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தாள். அலுவலகத்தில் கேட்டபோது, அச்சில் வந்த கட்டுரையாகக் கொண்டுவாருங்கள், வரைபடத்தைத் திருத்தும் குழுவில் வைக்கிறோம் என்றார்கள்.

முதலில் நல்ல இதழ் ஒன்றுக்குத்தான் அனுப்பினாள். அவர்கள் கேள்வி கேட்டார்கள். பதில் எழுதினாள். மறுபடியும் கேட்டார்கள். இதற்குள் குழு கூடும் மாதம் நெருங்கிவிட்டது. அவளுடைய பதவி உயர்வு விண்ணப்பமும் அதே மாதத்தில் வந்து நின்றது. எங்கள் பல்கலைக்கழகத்தின் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். உள்நாட்டு இதழ் எவ்வளவு யோக்கியமாக இருந்தாலும் அதற்கு அரை மதிப்பெண். வெளிநாட்டு முகவரி இருந்தால் முழு மதிப்பெண். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எந்த மகராசனும் புரட்டிப் பார்ப்பதில்லை. லண்டன் என்று போட்டிருந்தால் போதும் என்று எங்கள் துறைத்தலைவரே வாய்விட்டுச் சொல்வார்.

ஒரு காலையில் இமா ஒரு கடிதத்தை உரக்கப் படிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். லண்டன் முகவரி, மூன்றே நாளில் அச்சு.

"இமா, இது அந்தக் கூட்டம்."

"தெரியும் எட்டிம். உள்ள இருக்கறது உண்மைதானே? உண்மை எங்க அச்சானா என்ன?"

நல்ல இதழிலிருந்து கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு லண்டன்காரனுக்குப் பணம் கட்டினாள். மிகச் சிறந்த கட்டுரை என்ற ஒற்றை வரி மதிப்புரையோடு சொன்ன நாளில் அச்சாகிவிட்டது. அந்த விஷயத்தில் அவர்கள் வாக்குத் தவறாதவர்கள்.

சுகாதார அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்த இளம் டாக்டர் மரியாதை தெரிந்தவன். கட்டுரை முழுவதையும் படித்தான், பிறகு இதழின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தான்.

"அம்மா, நீங்க எழுதினத நான் நம்பறேன். ஆனா இந்த இதழ் பேரைக் குழுவுல வாசிச்சா சிரிப்பாங்க. உங்க கட்டுரையோட என்னையும் சேர்த்து வெளிய அனுப்பிடுவாங்க" என்று கோப்பை அவள் பக்கமே தள்ளி வைத்தான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. தப்பு அவனுடையது இல்லை என்று தெரிந்தும் அந்தக் கோபம் இன்றுவரை போகவில்லை.

நல்ல இதழுக்கு மறுபடி எழுதினாள். ஒருமுறை வேறிடத்தில் அச்சானதைத் தொடமாட்டோம் என்றார்கள். லண்டன்காரனிடம் கட்டுரையை நீக்கச் சொன்னாள். நீக்குவதற்கு, அச்சிட வாங்கியதைவிட அதிகப் பணம் கேட்டான். காரசாரமாக ஒரு கடிதம் எழுதினாள். அதற்குப் பதிலாக, தங்கள் ஆசிரியர் குழுவில் சேரும்படி அழைப்பு வந்தது. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கைக்காசில் மாத்திரை வாங்கி ஒரு வகுப்புக்குக் கொடுத்தாள். பிள்ளைகள் அதே ஓடையில் இறங்கின, புழுவும் திரும்ப வந்தது. புதிதாக ஆய்வு தொடங்கப் பணமும் இல்லை, அவளுக்குத் தெம்பும் இல்லை.

பதவி உயர்வு மட்டும் தடையில்லாமல் வந்தது. அந்தக் கட்டுரைக்கு முழு மதிப்பெண். இமா பேராசிரியர் ஆனாள்.

விருந்துக்குப் பந்தல் போட்டு, ஆட்டுக்கறி மிளகுச் சாறும் ஜொலோஃப் சோறும் ஆக்கியிருந்தார்கள். உறவுக்காரப் பெண்கள் எல்லோரும் ஒரே துணியில் உடுப்புத் தைத்துப் போட்டிருந்தார்கள். இமா யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமாக இல்லையா என்று கேட்டேன்.

"சந்தோஷமும் இல்ல, துக்கமும் இல்ல எட்டிம். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கு."

அப்போது அஃபியோங் வந்தாள். மோட்டார் சைக்கிளின் பின்னால் வாழைக்குலையைக் கட்டிக்கொண்டு, புழுதி படிந்த நல்ல உடுப்போடு வந்து இமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பேராசிரியர் ஆயிட்டீங்க. இனி உங்க பேச்சை யாரும் தட்ட முடியாது. மாத்திரை வந்துடும்ல?"

அஃபியோங் குரலைத் தாழ்த்தினாள்.

"என் சின்னவனுக்கும் ஆரம்பிச்சிருச்சும்மா. நோய்னு அவங்க அப்பாகிட்டச் சொன்னேன். கேக்கல. போன வாரம் சேவல் அறுத்துட்டார்."

இமா தானே போய்த் தட்டில் சோறு போட்டு, பெரிய துண்டாகப் பார்த்துக் கறியை வைத்து, அவள் கையில் கொடுத்தாள்.

"சாப்பிடுங்க அஃபியோங்" என்றாள்.

துறைத்தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாண்புமிகு பேராசிரியர் இமா உடோஃபியா அவர்களே" என்று கூப்பிட்டார். இமா எழுந்து மேடைக்குப் போனாள். அஃபியோங் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பந்தலில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினாள்.