சரோஜாவின் கொடி எழுத்து

தொழிற்சங்கத்துக்கு ஆள் திரட்டுவது என் தொழில்; இப்போது திரட்ட ஆளில்லாததால், ஆட்குறைப்பில் வெளியே வந்தவர்களுக்கு வேலை தேடும் இணையத்தளத்தில் புரொபைல் எழுதிக் கொடுக்கிறேன். கூட்டத்துக்கு நாற்காலி போட்டே முதுகு வளைந்த தோழர்களே, இந்த வேதனை உங்களுக்குப் புரியும்.

டயர் வந்தது

இங்கிலீஷில் பெயரைத் தட்டினால் தடித்தும் சாய்ந்தும் கொடிபோல் வளைந்தும் எழுத்துகளைத் தரும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்து ஒட்டினால் பார்க்க அழகுதான். ஆனால் தேடும் இயந்திரத்துக்கு அவை எழுத்தே அல்ல, கணக்குக் குறிகள். துண்டறிக்கையில் தடித்த தலைப்பு போட்டே வளர்ந்தவன் நான். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜோசப் எல்லா வரியையும் தடித்த எழுத்தில் போட்டிருந்தான். "ஃபோர்க்லிஃப்ட்னு தேடிப் பாரு" என்றேன். சிகாமட்டில் அந்த வண்டிக்கு டயர் விற்பவர்கூடத் தேடலில் வந்தார். இவன் வரவில்லை.

"டயர் வருது, ஓட்டுறவன் வரல. கம்பெனியிலயும் அப்படித்தான் லா அண்ணே."

ஜோசப் அன்றே எழுத்தை மாற்றிவிட்டான்.

மாற்ற மாட்டேன்

சரோஜா விஷயம் அப்படி இல்லை. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்த்தவள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வேறு. பெயரிலிருந்து அனுபவம் வரை எல்லாம் கொடி எழுத்து. ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை. சாதா எழுத்துக்கு மாற்றச் சொன்னேன்.

"அங்க நான் வெறும் நம்பர் அண்ணே. சட்டையில நம்பர், சம்பளச் சீட்டுல நம்பர். இங்கயாவது என் பேரு அழகா இருக்கட்டும்."

தொழிலாளியின் தன்மானம் பற்றி ஜொகூர் முழுக்க மேடை போட்டுப் பேசியவன், அந்த வரியை அடுத்த கூட்டத்துக்காகக் குறித்துக்கொண்டேன்.

கணக்கு வகுப்பு

கோத்தா திங்கியில் என் நண்பன் செல்வம் தொலைபேசி இயக்குநர். பார்வை கிடையாது, திரையில் இருப்பதைப் போனே அவனுக்கு வாசித்துச் சொல்லும். சரோஜாவின் பக்கத்தை அவனுக்கு அனுப்பினேன். அவனைக் கூப்பிட்டேன்; சரோஜா என் அருகில் உட்கார்ந்து கேட்க, தன் போன் வாசிப்பதை அவன் ஸ்பீக்கரில் போட்டான். பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் "கணிதக் குறி, கணிதக் குறி" என்று போன் இங்கிலீஷில் முழங்கியது. வேலை என்ன என்று சொல்லும் இடம் வருவதற்குள் செல்வம் பொறுமை இழந்தான்.

"தங்கச்சி வேலை கேக்குதா, டியூசன் எடுக்குதா?"

சரோஜாதான் முதலில் சிரித்தாள்.

உடன்படிக்கை

சிரித்தாலும் முழுதாக இறங்கி வரவில்லை. பேரம் பேசினோம். வேலையும் அனுபவமும் சாதா எழுத்தில், பெயர் மட்டும் கொடியில். எந்த மேனேஜரிடமும் இவ்வளவு நல்ல உடன்படிக்கை நான் போட்டதில்லை.

மறுவாரமே செனாயில் வேறொரு தொழிற்சாலை கூப்பிட்டது. தரம் பார்ப்பவர் என்று தேடியதும் இவள் வந்திருக்கிறாள். ஆனால் கொடி எழுத்தைக் காட்டத் தெரியாத அந்த அலுவலகத்தின் பழைய கணினியில் பெயர் இருந்த இடத்தில் காலிக் கட்டங்கள்தான். நேர்காணல் முடிந்து, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்ன கையோடு சரோஜா எனக்குப் போன் செய்தாள்.

"போன எடுத்ததும், 'கக், நாம சியாப்பா?'ன்னு மலாய்ல என் பேரத்தான் அண்ணே கேட்டாங்க. இத்தன வருசத்துல எந்த ஆபீசும் என் பேரக் கேட்டதில்ல. ஒரு தடவ சொன்னா போதும், நான் ரெண்டு தடவ சொன்னேன்."

நான் மைக் பிடித்துக் கத்தியும் வாங்கித் தர முடியாத மரியாதையைச் சில காலிக் கட்டங்கள் வாங்கித் தந்துவிட்டன என்றாலும், இதைச் சங்கத்தின் சாதனையாகச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.